ஆறாவது ஒலிப்பெட்டி

தவில் ஓசையை நாம் காதால் மட்டுமா கேட்கிறோம்? திருவிழாவில் தவில்காரர் அருகே நின்றவர்கள் அறிவார்கள். தொப்பிப் பக்கத்தில் கோல் விழும்போது நெஞ்சுக்கூடே அதிர்கிறது. அதே இசையைச் சிறிய ஸ்பீக்கரில் கேட்டால் தாளம் இருக்கும், அதிர்வு இராது.

காரணம் எளிது. ஒலி என்பது காற்றின் அசைவு. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே முழக்கத்தைத் தர ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறிய கூம்பால் அது இயலாது. ஆகவே அடித்தொனிக்கென்றே பெரிய கூம்பும், தனி ஆம்ப்ளிபயரும் கொண்ட பெட்டி ஒன்று தேவைப்படுகிறது. அதுவே மின்னிணைப்புள்ள சப்வூபர்.

5.1 என்று சொல்கிறோமே, அதன் பொருள் என்ன? முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, ஆக ஐந்து ஸ்பீக்கர்கள். ஆறாவது தடத்தில் 120 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட ஒலி மட்டுமே வருவதால் அதை முழு எண்ணாகக் கொள்ளாமல் ‘.1’ என்றனர். 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டல் முறையில் திரையரங்குக்கு வந்த இந்த ஏற்பாடு, பின்னர் வீட்டுக்கும் வந்தது.

இனி இணைக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலாவதாக, எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். ஆம்ப்ளிபயரின் பின்புறம் ‘சப்வூபர் அவுட்’ என்று ஒரு வட்டத் துளை இருக்கும். அதிலிருந்து ஒரே ஓர் ஆர்.சி.ஏ. கம்பியை சப்வூபரின் ‘எல்.எப்.இ.’ துளைக்குக் கொண்டு செல்க. அந்தத் துளை வழியே வருவது மெல்லிய சைகையே. அதைப் பெருக்கும் வேலை சப்வூபரின் உள்ளே நடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கர் கம்பி செருகும் முனைகளை ஒருபோதும் இந்தத் துளையோடு சேர்க்கக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும்போது அம்முனைகளில் சுமார் 28 வோல்ட் நிற்கும். சப்வூபரின் மென்மையான உள்வாயில் அதைத் தாங்காது. ‘சப்வூபர் அவுட்’ இல்லாத பழைய ஆம்ப்ளிபயராயின், ‘ஹை லெவல்’ முனைகள் உள்ள சப்வூபரையே நாட வேண்டும்.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. ஆம்ப்ளிபயரின் அமைப்புப் பட்டியலில் மற்ற ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்றும், பிரிவெல்லையை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். சப்வூபரிலும் பிரிவெல்லைத் திருகு ஒன்று உண்டு. அதை உச்ச அளவில் விட்டுவிடுக. இரண்டு இடத்திலும் சலித்தால், இடைப்பட்ட ஒலி இருமுறை சலிக்கப்பட்டு மெலிந்துபோகும்.

மூன்றாவது, ‘பேஸ்’ பொத்தான். அடித்தொனி மிகுந்த பாட்டொன்றைப் போட்டு, நண்பர் ஒருவர் 0, 180 என்று மாற்றித் தர, நீங்கள் வழக்கமான இருக்கையில் அமர்ந்து கேளுங்கள். எதில் முழக்கம் மிகுகிறதோ அதுவே சரி.

நான்காவது, இடம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். நம் அறைகளை விடப் பெரிது. அது சுவர்களில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் கூடும்; ஓரிடத்தில் அழியும். எனவே சப்வூபரை முதலில் நம் இருக்கையில் வைத்துவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்க வேண்டும். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், இருக்கையிலும் அவ்வாறே கேட்கும்.

இத்தனையும் செய்த பிறகும் சென்ற பருவத்தில் நம் சங்கத் திரைப்படக் காட்சியில் என்ன நேர்ந்தது? வசனத்தின் அடியில் வண்டு பறப்பது போன்ற ஓயாத ரீங்காரம். பலர் பாதியில் எழுந்து போனார்கள். நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, “பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும்” என்றார். அவர் சொன்னது மெய். ரீங்காரம் நிற்கும். ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்கும்.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அன்று கணிப்பொறி ஒரு சுவரிலும், சப்வூபர் எதிர்ச் சுவரிலும் செருகப்பட்டிருந்தன. இரு எர்த்துகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு. அதனால் சைகைக் கம்பியின் உறை வழியே மின்னோட்டம் சுற்றிவந்தது. 50, 100 ஹெர்ட்ஸில் எழும் அந்த ஓசையைச் சப்வூபர் தன் கடமையெனப் பெருக்கிக் காட்டியது. சைகைக் கம்பியை உருவியதும் ரீங்காரம் நின்றது, காரணம் உறுதியாயிற்று. எல்லாப் பிளக்குகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினோம். அமைதி நிலவியது. இதிலும் தீராவிட்டால், சைகைக் கம்பியின் நடுவே பொருத்தும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் உண்டு.

எர்த் பின் ஏன் மற்றவற்றை விட நீளமானது? முதலில் தொட்டுக் கடைசியில் பிரிவதற்காக. உள்ளே மின்கம்பி தளர்ந்து உலோகத் தகட்டில் பட்டால், எர்த் அம்மின்சாரத்தை வாங்கிச் சென்று பியூஸை அறுக்கும். அது இல்லையேல் தகடு முழுவதும் 230 வோல்ட் காத்து நிற்கும். கம்பிகள் வழியே மற்றக் கருவிகளுக்கும் பரவக்கூடும். கழற்றியவர் பட்டம் பெற்று ஊர் போய்விடுவார். அடுத்த ஆண்டு அதைத் தொடுகிறவர் விவரம் அறியாத முதலாண்டு மாணவராக இருப்பார்.

நண்பர்களே, ரீங்காரத்தைப் பொறுத்துக்கொண்டு படம் பார்க்கலாம். நிறுத்திவிட்டுப் படுத்தும் தூங்கலாம். எர்த்தை மட்டும் கழற்ற வேண்டா.