பதினைந்து வயதுக்கு எந்தப் புத்தகம்?

இந்த மாதப் பாடம் நூலகத்தைப் பற்றி. "மறுபடியும் வாசிப்பு உரையா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வாசிப்பது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை நிலாம் புத்தகத்தில் எழுதி எழுதியே நமக்குக் கை வலித்துப் போச்சு. உங்கள் வயதுக்குச் சரியான தமிழ்ப் புத்தகத்தை எப்படித் தேடிப் பிடிப்பது, அதுதான் விஷயம்.

போன ஆடி அமாவாசைக்குப் பொந்தியானில் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போட்டோம். பாட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "சயாமுக்குப் போன எங்க அப்பா" என்றார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில்தான் கொடுப்போம். படிவம் மூன்று படிக்கும் என் சித்தி மகள், "ஏன் பாட்டி சயாமுக்குப் போனாரு?" என்று கேட்டாள். "ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போனாம்மா. எனக்கு அப்போ ரெண்டு வயசு" என்றதோடு பாட்டி நிறுத்திக்கொண்டார். வீட்டில் வேறு யாருக்கும் அதற்கு மேல் தெரியல. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற எனக்கும் தெரியல.

தங்கச்சி ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் கையில் இருப்பதெல்லாம் ஜப்பானியப் படக்கதைதான். "தமிழ்ப் புத்தகம் எல்லாம் போரிங்ணே" என்பாள். அடுத்த விடுமுறையில் அவளை ஒரு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். தமிழ் அலமாரியின் ஒரு பக்கம் நரியும் காக்காவும் போட்ட சிறுவர் புத்தகங்கள். இன்னொரு பக்கம் சமையல், சோதிடம், தடித்தடியான குடும்ப நாவல்கள். ஒன்றைப் பார்த்துச் சிரித்தாள், இன்னொன்றை நாலாம் பக்கத்தில் மூடினாள். "பாத்தீங்களாண்ணே?"

மலாய், ஆங்கிலப் புத்தகங்கள் நிறைய இருக்கும். அதனால் சிறுவர், பதின்ம வயதினர், பெரியவர் என்று பிரித்து வைக்க முடியும். தமிழ்ப் புத்தகங்கள் குறைவு என்றால் மொத்தத்தையும் 'தமிழ்' என்று ஒரே இடத்தில் வைத்துவிடுவார்கள். பதினைந்து வயதுக்காரர் படிக்கக்கூடியது அதற்குள் இருக்கும். ஆனால் 'இது உனக்கு' என்று சொல்ல அங்கே பலகை இல்லை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சேர்ந்த சில நாளிலேயே சலிப்புத் தாங்காமல் பழைய வேலையைக் கேட்டுப் போனாராம்! (போரிங் என்று சொன்னது நம்ம தங்கச்சி மட்டும் இல்லை.) பிறகு லண்டனில் படிக்கப் போனபோது, ஒரு கடையில் 'மெக்கானோ' பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலமும் வரும், பாரந்தூக்கியும் வரும். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து, பூட்டி, எண் கொடுக்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை. என்னைப் போன்ற பொறியியல் மாணவனுக்கு இதைக் கேட்டால் ஜாலியாக இருக்காதா?

1931-இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் இரண்டு நமக்கு வேண்டும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நான் செய்த தப்பு இதில்தான் புரிந்தது. தங்கச்சியை அலமாரி முன்னால் நிறுத்தி "எடு" என்றேனே தவிர, அவளுக்கு என்ன தெரிஞ்சுக்கணும் என்று கேட்கவே இல்லை. அவள்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டாளே, பாட்டியிடம்!

அதனால் மறுபடியும் போனோம், இந்தத் தடவை கேள்வியோடு. முதலில் கணினிப் பட்டியலில் ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போட்டு 'சயாம்' என்று தட்டினோம். ஒன்றும் வரல. இதை நன்றாகக் கவனியுங்கள். பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில்தான் பதிந்திருப்பார்கள், அதுவும் நாம் வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி இல்லை. 'ச' வந்தால் 'சி' எழுத்து. 'கதை'யில் வருகிற 'த'வுக்கு வெறும் 'டி', பக்கத்தில் 'எச்' கிடையாது. 'செல்வன்' என்பதைக்கூட 'சி' போட்டுத்தான் தேடணும். அப்படி மாற்றித் தட்டியதும் வந்தது, ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. நம் நாட்டு நாவல்.

டியூயி எண் போட்ட நூலகமாக இருந்தால் எண்ணையும் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் இலக்கியம் 894.811. இந்து சமயம் 294.5. மலேசிய வரலாறு 959.5. ஒரே கேள்விக்கு விடை மூன்று அலமாரியில் இருக்கலாம். நாங்கள் 959.5 பக்கமும் போனோம். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், நிறையப் பேர் திரும்பவே இல்லை. தங்கச்சி அந்த வரைபடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

புத்தகம் கடினமா என்று பார்க்க ஒரு சின்ன வழி: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மற்றவர்களுக்கு? படிவம் ஒன்றுக்கு, மர்மக்கதை பிடித்தால், நம் நாட்டு ஆசிரியர் கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்'. மகாபாரதத்தைத் தொலைக்காட்சித் தொடரில் மட்டும் பார்த்தவர்களுக்கு ராஜாஜியின் 'வியாசர் விருந்து'. அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கும், தேவார வகுப்புக்குப் போகிற வழியில் ஒன்று முடிக்கலாம். சோழர் கதை வேண்டுமென்றால் எல்லாரும் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள். ஐந்து பாகம்! நான் முதலில் 'பார்த்திபன் கனவு' கொடுப்பேன், அதுவும் கல்கி எழுதியதுதான். கடாரம், அதாவது நம் கெடா, வரை கப்பல் படை அனுப்பிய ராஜேந்திர சோழனைப் பற்றி அகிலன் எழுதியது 'வேங்கையின் மைந்தன்'. அதற்கு 1963-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. சயாம் பற்றியே இன்னும் படிக்க அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கு.

தேடியது அலமாரியில் இல்லையா? சும்மா திரும்பி வராதீர்கள். முகப்பில் இருக்கும் நூலகரிடம், வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்க முடியுமா என்று கேளுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் சுலபம். எடுக்கிற புத்தகத்தை உங்கள் அட்டையில் பதிந்தே எடுங்கள். யாரும் இரவல் வாங்காத புத்தகத்தைத்தான் ஒருநாள் அலமாரியிலிருந்து கழிப்பார்கள்.

'சயாம் மரண ரயில்' எங்கள் வீட்டில் தவணையை நீட்டித்து நீட்டித்து ஆறு வாரம் இருந்தது. தங்கச்சிக்குச் சில தோட்டத்துச் சொற்கள் புரியல, பாட்டியிடம் கேட்கப் போனாள். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இவள் சத்தமாகப் படிக்க, அவர் நடுவில் நிறுத்தி, தன் அம்மா சொன்னதைச் சொல்கிறார். நேற்று எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அண்ணே, 'நினைவுச் சின்னம்' எங்க கிடைக்கும்? பாட்டி கேக்குறாங்க."