ஆற்றல் நிலையம் நகருமா?

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "கால் விரல் வரைக்கும் போற ஆக்ஸான் ஒரு மீட்டர் நீளம்னு சொன்னீங்களே சார், அவ்வளவு தூரத்துக்கு ஆற்றல் எப்படிப் போகும்?" அன்று என்னிடம் விடையில்லை. படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்: ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவே அங்கு பயணம் செய்கிறது.

ஆக்ஸானுக்குள் இருக்கும் நுண்குழல்களே பாதை. கைனெசின் என்னும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவை ஆக்ஸான் முனை நோக்கி இழுக்கிறது. டைனீன் செல் உடலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. இழுக்கும் புரதத்தோடு அதைப் பிணைக்கும் கொக்கிகள் மிரோ, மில்ட்டன். 2002இல் பழ ஈயில் அறியப்பட்ட மில்ட்டன் பழுதானால் ஈக்குப் பார்வை போய்விடும். அதனால்தான் பார்வையிழந்த ஆங்கிலக் கவிஞரின் பெயர் அதற்கு.

எங்கே நிற்பது? வெள்ளிமலைப் பேருந்தை நிறுத்த நடத்துநர் விசில் அடிப்பார். இங்கே விசில், கால்சியம். வேலை மிகுந்த சினாப்ஸில் கால்சியம் கூடும். அது மிரோவில் இணைந்ததும் ஓட்டம் நிற்கும். சின்டாஃபிலின் நங்கூரம்போல் பிடித்துவைக்கும். உவமையின் எல்லையையும் சொல்லிவிடுங்கள்: பேருந்து உடனே கிளம்பும், ஆக்ஸானிலோ பெரும்பாலான மைட்டோகாண்ட்ரியா நெடுநேரம் நின்றபடியே இருக்கும்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌசிகாவின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் நரம்புகளில் இத்தகைய போக்குவரத்தை ஆராய்கிறது.

பாடநூல் படத்தில் மைட்டோகாண்ட்ரியா அசையாமல் இருக்கிறது. அதன் இருபுறமும் அம்புக்குறி வரையச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி அங்கிருந்து வரும்.