போட்டோக்களுக்குள் சுற்றிப் பார்க்கலாம்!

ஒரே இடத்தைப் பல கோணங்களில் எடுத்த போட்டோக்கள் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளனவா? அவற்றை இணைத்து, மவுஸால் சுற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாணக் காட்சியாக மாற்றலாம்.

எப்படி? தூணின் மூலை, சுவரின் கறை போன்று தனித்துத் தெரியும் புள்ளிகளை சாப்ட்வேர் ஒவ்வொரு படத்திலும் தேடுகிறது. ஒரே புள்ளி பல படங்களில் கிடைத்தால், கேமரா இருந்த இடத்தையும், எது அருகில், எது தொலைவில் என்பதையும் கணக்கிட்டுவிடும். 2006ல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவும், இன்டர்நெட்டில் பலர் போட்டிருந்த படங்களைக் கொண்டே பாரிஸ் நோட்ர டாம் தேவாலயத்தை இப்படி உருவாக்கிக் காட்டின.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பாதீர்கள். சிறிது சிறிதாக நகர்ந்து எடுங்கள்.

2. முந்தைய படத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் தெரிய வேண்டும்.

3. கண்ணாடி, வெறும் வெள்ளைச் சுவர் சரிவராது. அவற்றில் பொருத்திப் பார்க்கப் புள்ளிகள் கிடைக்காது.

2008ல் பொதுமக்களுக்கு வந்த மைக்ரோசாப்டின் போட்டோசிந்த் தளம் 2017ல் மூடப்பட்டது. ஆனால் ஒரிஜினல் படங்கள் கையில் இருந்தால், மெஷ்ரூம், கோல்மேப் போன்ற இலவச சாப்ட்வேர்கள் மூலம் காட்சியை மீண்டும் உருவாக்கலாம். எனவே காட்சி தயாரானதும் படங்களை அழித்துவிடாதீர்கள்; வேறொரு டிஸ்க்கிலும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.