கணினியில் திண்ம உருவம் வரைய: 12 பயனுள்ள குறிப்புகள்

உடைந்த கொக்கிக்கு மாற்று, அலமாரிக்கு ஒரு முட்டு, குளியலறைக்கு ஒரு சோப்பு டப்பா என எதையும் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து, 3டி பிரிண்டரில் கொடுத்து எடுக்கலாம். இதற்கு 'ஃப்ரீகேட்' என்ற இலவச மென்பொருளே போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்போ அதற்குப் பிந்தையதோ நல்லது. சோப்பு டப்பா ஒன்றையே பயிற்சியாகச் செய்து பார்ப்போம்.

1. மௌஸைத் தொடும் முன் ஸ்கேலை எடுங்கள். சோப்பை அளந்து, காகிதத்தில் கைப்படம் போட்டு அளவுகளைக் குறியுங்கள். நம் டப்பா 110 மி.மீ. நீளம், 75 அகலம், 25 உயரம். ஒன்றோடொன்று பொருந்தவேண்டிய பாகம் என்றால் வெர்னியர் காலிப்பரால் அளப்பதே சரி.

2. மென்பொருளைத் திறந்ததும் அலகு மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்குலத்தில் இருந்துவிட்டால் எல்லாம் 25.4 மடங்கு மாறிவிடும்.

3. 'பார்ட் டிசைன்' பகுதிக்குப் போய், ஒரு 'பாடி' உருவாக்கி, அதன் எக்ஸ்ஒய் தளத்தில் ஸ்கெட்ச் தொடங்குங்கள். செவ்வகத்தின் மையம் ஆரம்பப் புள்ளியில் இருக்கட்டும். இந்தப் பழக்கத்தின் பலன் கடைசிக் குறிப்பில் தெரியும்.

4. செவ்வகத்தைக் கண்ணளவில் வரைந்தால் போதும். அளவைப் பிறகு எண்ணாகக் கொடுங்கள். இரண்டு கோடுகள் சமம், இணை, செங்குத்து என்று விதிப்பதை 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்பார்கள். 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' மென்பொருளிலேயே இந்த உத்தி உண்டு. செவ்வகத்துக்குத் தேவை நான்கே தகவல்: நீளம், அகலம், குறுக்கே எந்த இடம், நெடுக்கே எந்த இடம். எல்லாம் சொல்லியாகிவிட்டால் கோடுகள் பச்சையாகும். பச்சை வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. ஒரே தகவலை இரண்டு முறை சொன்னால் மென்பொருள் முரண்டு பிடிக்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்று ஏற்கெனவே இருக்கும்போது, இரண்டுக்கும் தனித்தனியே 110 கொடுக்க வேண்டாம். கூடுதலான ஒன்றை நீக்கினால் சரியாகிவிடும்.

6. ஸ்கெட்சை மூடிவிட்டு 'பேட்' கொடுத்து 25 என்று எழுதுங்கள். தேன்குழல் அச்சில் துளை எந்த வடிவமோ அதே வடிவம் நீள்வதுபோல, செவ்வகம் கட்டியாக எழும்பும். எழும்பவில்லையா? ஏதோ ஒரு மூலையில் கோடுகள் ஒட்டாமல் இடைவெளி இருக்கும். 'வேலிடேட் ஸ்கெட்ச்' அதைக் காட்டிக்கொடுக்கும்.

7. நான்கு நின்ற மூலைகளையும் தேர்ந்தெடுத்து 8 மி.மீ. 'ஃபில்லெட்' கொடுத்து உருட்டுங்கள். பிறகு மேல்முகத்தைத் தேர்ந்து, 'திக்னஸ்' 2 மி.மீ. கொடுத்துக் குடையுங்கள். சுவர் உள்நோக்கி வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்; வெளிநோக்கிப் போனால் டப்பா பெருத்துவிடும். இந்த வரிசையில் செய்தால் உள்மூலையும் தானாகவே 6 மி.மீ. வளைவு பெறும். அழகுக்காகச் செய்யும் மற்ற உருட்டல்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

8. தண்ணீர் வடியத் துளை வேண்டுமே! மீண்டும் எக்ஸ்ஒய் தளத்திலேயே ஸ்கெட்ச் போட்டு, மையத்திலிருந்து இடப்பக்கம் 30 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. அகலத்தில் ஒரு நீள்துளை வரையுங்கள். 'பாக்கெட்' கொடுங்கள். துளை விழாவிட்டால் 'ரிவர்ஸ்டு' என்பதை டிக் செய்யுங்கள். பிறகு 'லீனியர் பேட்டர்ன்' கொடுத்து, நீளவாக்கில் 60 மி.மீ. தூரத்துக்குள் 5 என்றால், 15 மி.மீ.க்கு ஒன்றாக ஐந்து துளைகள் வந்துவிடும். ஒவ்வொன்றாக வரைந்தால் பின்னால் திருத்தும்போது ஐந்து மடங்கு வேலை.

9. இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு படிக்கும் எஃப்2 அழுத்தி 'அடிப்பெட்டி', 'நீர்த்துளை' என்று பெயர் வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் 'பாக்கெட்003' எது என்று நினைவிருக்காது. ஸ்பேஸ்பாரைத் தட்டினால் தேர்ந்தெடுத்த பொருள் மறையும், திரும்பத் தோன்றும். எண் விசைகளில் 0 சாய்வுப் பார்வை, 1 முன்புறம், 2 மேல்புறம்.

10. மூடி செய்கிறீர்களா? டப்பாவின் அளவையே மூடிக்கும் கொடுத்தால் நுழையாது. ஒவ்வொரு பக்கமும் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். சாதாரண பிரிண்டரில் பிளாஸ்டிக் வெளிவரும் 'நாசில்' துளை 0.4 மி.மீ. என்பதால், சுவர் கனத்தை 1.2 மி.மீ.க்குக் குறைக்காமல் இருப்பது நல்லது.

11. பிரிண்ட் கடைக்கு எஸ்டிஎல் கோப்பு, இதுபோன்ற வேறு வரைபட ('கேட்') மென்பொருள் வைத்திருப்பவருக்கு ஸ்டெப் கோப்பு கொடுங்கள். எஸ்டிஎல் கோப்பில் அலகு பதிவாகாது. 'எல்லாம் மில்லிமீட்டர்' என்று வாயால் சொல்லிவிடுங்கள். திருத்துவதற்கு வேண்டிய மூலக்கோப்பு உங்களிடமே இருக்கட்டும். டப்பாவை 'பிஎல்ஏ' என்ற பிளாஸ்டிக்கில் எடுத்திருந்தால், அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும், கொதிநீரில் கழுவாதீர்கள்.

12. முடித்துவிட்டதாக நினைக்கும்போது, முதல் ஸ்கெட்சைத் திறந்து 110-ஐ 90 ஆக்குங்கள். துளைகள் நடுவிலேயே நின்றால் நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள். ஓரத்திலிருந்து அளந்திருந்தால் அவை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். எந்த அளவை எங்கிருந்து சொல்வது என்பது பிடிபட்டுவிட்டால், மீதியெல்லாம் எந்தப் பட்டன் எங்கே என்பதுதான்.