லாயத்தில் கிடந்த தோட்டாக்கள்

"மழையில் வேட்டையா? பித்தளை உறை போட்ட தோட்டாவை எடுத்துக்கொள், அது துருப்பிடிக்காது." நான் உலோகவியல் படித்தவன் என்று தெரிந்ததும் இதை என்னிடமே ஒப்பிக்கிறார்கள். ஒப்பிப்பவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் உரிமம் வாங்கி வாத்து வேட்டைக்குப் போகும் நம்மவர்கள்.

துரு இரும்பின் நோய். பித்தளைக்கு அது வராது, சரி. வேறு நோயே வராது என்று யார் சொன்னது?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் போட்டுவைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் உறைகளில் விரிசல், அதுவும் குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில். ஒரு பொட்டு துரு கிடையாது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம். தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டை அழுத்தி அழுத்திக் குழாயாக இழுக்கும்போது உலோகத்துக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடும். ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அந்த இறுக்கம் விரிசலாக வெளிப்படும். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1921-இல் இதை விளக்கினார்கள். மருந்தும் எளிது: இழுத்த உறையை அளவாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது. இன்றைய ஆலைகள் அதைச் செய்கின்றன. நீங்கள் அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டு உறையைப் பளபளப்பாக்கி, அவர்கள் வேலையைக் கெடுக்காதீர்கள். தோல் பெல்ட்டில் செருகி மாதக்கணக்கில் விடவும் வேண்டாம். பச்சையாகக் களிம்பு பூத்துவிடும்.

இன்னொரு பேச்சு: வாத்து வேட்டைத் தோட்டாவில் மெழுகு பூசிய காகித உறை பிளாஸ்டிக்குக்குச் சமமாம். இல்லை. நனைந்த காகிதம் ஊதிப்போய் குழலுக்குள் நுழையாது. ரெமிங்டன் நிறுவனம் 1960-இல் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தபின் ஈரநிலத்தில் அந்தப் பேச்சு முடிந்தது. அடிப்பகுதியில் பித்தளை உயரமாக இருந்தால் தோட்டாவுக்கு வலு அதிகம் என்பதும் கதை. அந்தப் 'பித்தளை'யில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பல தோட்டாக்களில் ஒட்டும். உள்ளே இருப்பது முலாம் பூசிய இரும்பு. நனைந்த தோட்டாவை அடுப்போரம் உலர்த்தலாம் என்பவரிடம் எனக்குப் பேச்சில்லை.

உறைக்கு இத்தனை கவலைப்படுகிறவர்கள் உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளைப் பற்றிக் கேட்பதே இல்லை. சேற்றில் விழுந்த ஈயக் குண்டை வாத்து சிறு கல் என்று விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறும். நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு அமெரிக்கா 1991-இல் நாடு முழுக்கத் தடை போட்டது. பதிலுக்கு வந்தது எஃகு. உறையின் வாய் சரியாக மூடாமல் தண்ணீர் இறங்கினால், அந்த எஃகுக் குண்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துருவுக்குப் பயப்படுகிறவர்கள் அங்கே பயப்படட்டும்.