பூட்டன் வயலைத் தேடி வரும் பிள்ளைகளுக்கு

ஆனியில் சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களோடு, பையில் ஒரு பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு தென்காசிக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. எங்கள் பூட்டன் பேரில் இங்கே வயல் இருந்ததாம், எங்கே போய்க் கேட்பது என்பார்கள். பத்திரம் எழுதியே ஆயுளைக் கழித்தவன் நான். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

1. ஆளை விடுங்கள், வயலைப் பிடியுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஒரே தெருவில் மூன்று சங்கரலிங்கம் இருப்பார்கள். அவர்களில் இருவருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றாக இருக்கும். ஆகவே பத்திரத்தின் அடியில் வரும் நான்கெல்லையை முதலில் படியுங்கள். கிழக்கே யார் நஞ்சை, வடக்கே எந்த வாய்க்கால், எந்தக் குளத்துப் பாசனம்? அண்டை வயல்காரர்கள் பொருந்தினால்தான் அவர் உங்கள் சங்கரலிங்கம். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் 1600-களில் குடியேறியவர்களின் வம்சத்தைத் தேடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே எல்லை ஓடையும் ஓக் மரமும். இங்கே வாய்க்காலும் புளிய மரமும்.

2. பழைய எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். தமிழ் எண்கள், ௵ (ஆண்டு), ௴ (மாதம்), ௳ (நாள்), ௸ (மேற்படி) இவை தெரியாமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது. நம் பக்கத்தில் ஆண்டைக் கொல்லம் ஆண்டாக எழுதியிருப்பார்கள். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824, அதற்குப் பிறகு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1075 மாசி என்றால் 1900. வருவாய்க் கணக்கில் இருப்பது பசலி ஆண்டு, ஜூலையில் பிறக்கும்; டிசம்பர் வரை 590, அதற்குப் பிறகு 591 கூட்டுங்கள். நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று எழுதியிருப்பார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. அவ்வளவு விதை பிடிக்கும் நிலம் எத்தனை ஏக்கர் என்பது ஊருக்கு ஊர் மாறும், அவசரப்பட்டு சென்ட் கணக்குப் போடாதீர்கள்.

3. இன்றைய பட்டாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனையோ பெயர்கள் விடுபட்டன, எத்தனையோ கூட்டுப் பட்டாக்கள் ஒருவர் பேருக்குப் போயின. பட்டாவில் பெயர் இல்லாததால் நிலமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணைப் பார்த்து, அதைக் கொண்டு செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும், கிடைத்தால் பைமாஷ் என்னும் அதற்கும் முந்தைய அளவை எண்ணுக்கும் போகலாம்.

4. சார்பதிவகத்தில் கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்கு இந்தப் பக்கம்தான். அதற்கு முந்தையதற்கு அட்டவணைப் புத்தகங்களைக் கையால் புரட்ட வேண்டும்; ஆள் பெயருக்கு ஒன்று, சொத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். கிரயப் பத்திரத்தில் விற்றவரும் வாங்கியவரும்தான் இருப்பார்கள். பாகப்பிரிவினையில் குடும்பமே உட்கார்ந்திருக்கும்: இறந்த அண்ணனின் மைனர் மகன், அவனுக்குக் கார்டியனான தாய், விதவைச் சித்திக்கு ஜீவனாம்சமாக விட்ட நெல், யார் செலவில் யார் கல்யாணம். வழக்குக்குப் போன குடும்பமென்றால் தீர்ப்பு நகலில் வம்சாவளியே கிடைக்கும்.

5. அந்தக் காலத்தில் அந்த ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்று கேளுங்கள். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-இல் பிறந்தது. பழைய கணக்குகளுக்குத் திருநெல்வேலி போக வேண்டும். செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அந்தக் கணக்குகளுக்கு மலையாளம் படிப்பவர் ஒருவரோடு திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள்.  சிவகிரி, ஊத்துமலை போன்ற ஜமீன் ஊர்களில், 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய கணக்கு ஜமீன் கச்சேரியுடையது.

6. கோயில் ஊழியத்துக்கு விட்ட மானியமானால் 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேட்டைப் பாருங்கள். அனுபவிப்பவர் பெயரும் வயதும், மானியம் யார் கொடுத்தது என்பதும் அதில் உண்டு. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

7. வெள்ளைக்காரர் வழி தேடி வருகிறவர்களும் உண்டு. 1800-களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டது. பிறகு தோட்டங்கள் தனியார் கைக்குப் போயின. இப்படித் தேடுகிறவர்கள் ஜே.ஜே. காட்டன் 1905-இல் வெளியிட்ட கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலையும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளையும் பார்க்கட்டும்.

8. நிலமே இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். எனக்கு மிகவும் மனம் கனப்பது அவர்களிடம் பேசும்போதுதான். அந்த வயல்களை உழுதவர்கள் இவர்களுடைய முன்னோர். பத்திரத்தில் அவர்கள் பெயர் ஒரு வரிகூட இராது. குத்தகை செய்தவர்களானால் அடங்கல் என்னும் பயிர்க் கணக்கையும், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படியான குத்தகைப் பதிவையும் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் சுரண்டை, நல்லூர் சபைகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேளுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போய் 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பியவர்கள் வீட்டில் பழைய பாஸ்போர்ட் இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பெரிய பண்ணை வீடுகளில் அறுப்புக்கு நெல் அளந்த நோட்டுகள் பரணில் கிடக்கின்றன. அதில் ஆள் பெயரும் சேரியின் பெயரும் இருக்கும். நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகளே, வீட்டை இடிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். யாராவது கேட்டு வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள்.