மக்கள் வளர்த்த இசைக்குழு

ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் தகாசாகி என்னும் நகரம் உள்ளது. அது குன்மா மாகாணத்தைச் சேர்ந்தது. குன்மா மலைகள் மிகுந்த நாடு. பட்டுப்பூச்சி வளர்த்தலும் பட்டு நூற்றலும் அம்மக்களின் பழந்தொழில்கள். அங்கே ஒரு சிம்பொனி இசைக்குழு தோன்றி நிலைபெற்ற வரலாறு அறியத்தக்கது.

சிம்பொனி இசைக்குழு என்பது பல கருவியாளர் கூடிய பெருங்குழு. வயலின், செலோ, குழல், எக்காளம், முரசு முதலிய கருவிகள் அதில் இடம்பெறும். ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியை வாசிப்பர்; நடத்துநரின் கையசைவு அவை அனைத்தையும் ஒன்றாக இணைக்கும். இத்தகைய குழுவைப் பேணுதல் எளிதன்று. கலைஞர்க்கு ஊதியமும், விலையுயர்ந்த கருவிகளும், தக்க அரங்கமும் வேண்டும். ஆதலின், செல்வம் மிக்க பெருநகரங்களிலேயே அவை பெரும்பாலும் வளர்ந்தன.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இரண்டாம் உலகப்போர் முடிவுற்றது. ஜப்பானின் நகரங்கள் பல சாம்பலாய்க் கிடந்தன. தகாசாகிக்கு அண்மையிலுள்ள மயபாஷி நகரும் ஆகஸ்டு 5ஆம் நாள் குண்டுமழைக்கு இரையாயிற்று. எங்கும் உணவுப் பஞ்சம், உடைக்கும் பஞ்சம். அந்நிலையில், போர் முடிந்த மூன்றே திங்களில், நவம்பரில், தகாசாகியின் இசையன்பர் சிலர் ஒன்றுகூடி நகர மக்களின் இசைக்குழு ஒன்றை நிறுவினர். சோற்றுக்கே வழியில்லாத நாளில் இசை எதற்கு என்று கேட்பார் கேட்கலாம். வீடு இடிந்தால் செங்கல் கொண்டு கட்டலாம். இடிந்த உள்ளத்தை எதனைக் கொண்டு கட்டுவது? இசை அதற்கு உதவும் என அவர்கள் நம்பினர்.

1947இல் அக்குழு, இசையையே தொழிலாகக் கொண்ட கலைஞர் குழுவாக மாறியது. துன்பமும் உடன் வந்தது. நுழைவுச் சீட்டால் வந்த வருவாய் ஊதியத்துக்குப் போதவில்லை. குழுவின் நிருவாகப் பொறுப்பை ஏற்றிருந்த மாருயாமா கட்சுஹிரோ என்பார் மனந்தளராது உழைத்தார். இசை கேட்கப் பிள்ளைகள் நகருக்கு வர இயலாவிடில், இசையே பிள்ளைகளிடம் செல்லட்டும் என்னும் வழியை அக்குழு மேற்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளிகள்தோறும் சென்று இசைக்கும் பணி தொடங்கியது. கலைஞர்கள் தம் கருவிகளுடன் மலையூர்ப் பள்ளிகளுக்கும் சென்றனர். அவ்வூர்ச் சிறுவர் பலர்க்கு வயலினைக் கண்ணால் காண்பதே புதுமை. பல கருவிகள் ஒருங்கே முழங்கக் கேட்பதோ அதனினும் பெரும்புதுமை.

இக்குழுவின் உழைப்பைத் தழுவி 1955இல் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அதனை இயக்கியவர் இமாய் தடாஷி. ‘இங்கே ஒரு நீரூற்று உண்டு’ என்னும் பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. மலைநாட்டுக் குழுவின் புகழ் அதனால் நாடெங்கும் பரவிற்று.

புகழ் வந்தும் குழுவுக்கெனத் தக்க அரங்கம் இல்லை. அக்குறையைத் தீர்க்க நகர மக்கள் முன்வந்தனர். குழுவுக்குத் துணைநின்ற வணிகர் இனோவே புசாயிச்சிரோ, கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் நண்பர். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்த ரேமண்டே அரங்கத்தை வடிவமைத்தார். மடித்த தாளைப் போன்ற காங்கிரீட்டுச் சுவர்களும் கூரையும் கொண்டு, ஏறத்தாழ 1,900 பேர் அமரத்தக்கதாய், 1961இல் குன்மா இசையரங்கம் எழுந்தது. ஆன செலவு ஏறத்தாழ 33 கோடி யென். அதில் ஏறத்தாழ 10 கோடி யென் மக்கள் மனமுவந்து அளித்த நன்கொடை. அக்காலத்துத் தகாசாகி மக்களே இதனைக் கட்டினர் என்னும் கருத்தமைந்த கல்வெட்டு ஆங்கே உள்ளது.

மக்கள் இவ்வாறு வாரி வழங்கியதன் காரணத்தை உய்த்துணர்தல் அரிதன்று. 1947இல் பத்து வயதுச் சிறுவனாய்ப் பள்ளியில் இசை கேட்டவன், அரங்கம் எழுந்தபோது இருபத்து நான்கு வயது இளைஞன். தம் பிள்ளைகளைத் தேடி வந்த கலையை ஊரார் தம்முடையதாகவே கருதினர்.

1963இல் அக்குழு குன்மா சிம்பொனி இசைக்குழு என்னும் பெயர் பெற்றது. 1994இல் பிராகா, வியன்னா நகரங்களின் இசைவிழாக்களுக்கு அழைக்கப்பெற்றது. 2019இல் தகாசாகியில் புதிய கலையரங்கம் திறக்கப்பட, குழு அங்குக் குடிபுகுந்தது. ஆயினும் பள்ளிகளுக்குச் செல்லும் வழக்கத்தை அது கைவிடவில்லை. அவ்வாறு இசை கேட்ட மாணவர் தொகை அறுபது இலட்சத்தைக் கடந்துவிட்டது.

உயர்ந்த கலை செல்வர்க்கே உரியது என்பர் சிலர். குன்மா மக்கள் வறுமையுற்ற நாளிலேயே அதனைத் தமக்கும் உரியதாக்கிக் கொண்டனர். கலை மக்களை நாடிச் சென்றது; மக்கள் கலைக்கு மனை எடுத்தனர்.